டுவூம்பாவில் வாங்கிய வண்டி

மெல்பர்ன், மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. நான் நலம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை.

ஒரு மோட்டார்ஹோம் வாங்கியிருக்கிறேன். வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உண்டு. 2008 மாடல் ஃபியட். மெல்பர்ன் விலை கட்டுப்படியாகவில்லை. குயின்ஸ்லாந்து மாநிலத்தில், டுவூம்பாவில், ஒரு வயதான தம்பதி விற்றார்கள். முன்பணம் கொடுக்குமுன் அரசாங்கப் பதிவேட்டில் 2 டாலர் கட்டிப் பார்த்தேன். வண்டி மேல் கடன் இல்லை, திருட்டு வண்டியும் இல்லை. அத்தானிடம் சொல், அவர் முதலில் இதைத்தான் கேட்பார்.

பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெரியவர் தானும் வருவேன் என்று கூடவே விமானம் ஏறிவிட்டார். எஞ்சின் பக்கமே போகவில்லை மனிதர். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஏறி, ஜன்னல்களுக்குக் கீழேயும் கூரை மூலைகளிலும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால் மரச்சட்டம் உளுத்து, சுவர் மெத்தென்று அமுங்குமாம். எங்கேயும் அமுங்கவில்லை. அப்புறம் டயரில் நாலு எண்ணைக் காட்டினார்: 2316. 2016-இல் 23-ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் தேயவில்லை, ஆனால் ஓரமெல்லாம் வெடிப்பு. அதைச் சொல்லியே புது டயர் காசைக் கழிக்க வைத்து, அங்கேயே மாற்றிக்கொண்டு கிளம்பினோம்.

நியூவெல் நெடுஞ்சாலையில் வந்தோம். மொரீ பக்கமெல்லாம் கரிசல், அக்கா. நம்ம ஊர் மாதிரியே கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு. பருத்தி எடுக்கும் நேரம். எடுத்த பருத்தியை ஆள் உயரத்துக்கு உருட்டி, மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றி வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். லாரியிலிருந்து பறந்தது ரோட்டோரப் புல்லெல்லாம் கிடந்தது. இறங்கி ஒரு கொத்தை எடுத்துக் கொட்டையைப் பிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். அம்மா மடி நிறையப் பருத்தியோடு வரப்பில் வருவாளே, நாம் அதில் ஒரு பிடி வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடிச் சேவு வாங்குவோமே. பெரியவர் ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தேன்.

ஜூன் கடைசியில் வாடகை வீட்டை விடுகிறேன். மில்டுரா பக்கம் ஆரஞ்சு பறிக்கும் வேலை இருக்கிறது, வண்டியிலேயே தங்கிக்கொண்டால் வசதி. அதற்குள் வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ரோட்வொர்த்தி சான்றிதழ் வாங்கி, குயின்ஸ்லாந்து நம்பரை எங்கள் விக்டோரியா மாநில நம்பருக்கு மாற்ற வேண்டும். இந்த மாதப் பணம் கொஞ்சம் தாமதமாகும், நகைச்சீட்டை நிறுத்திவிடாதே. பெரியவரும் என்னோடு மில்டுரா வருகிறார் என்றே அம்மாவிடம் சொல்.

சரி, மேலக்காடு விஷயம். சோலார் கம்பெனிக்காரர்கள் எவ்வளவு கொடுத்தாலும் அப்பா கையெழுத்துப் போட வேண்டாம். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, கிணற்றில் சித்தப்பாவுக்குப் பாதிப் பங்கு. முதலில் அத்தானை வில்லங்கம் போட்டுப் பார்க்கச் சொல். குத்தகைக்குக் கேட்டால் நான் வந்த பிறகு பேசலாம். விற்கவே கூடாது.

சின்னவளைப் பிளஸ் ஒன்னுக்குக் கோவில்பட்டியிலேயே சேர்த்துவிடு. ஹாஸ்டல் வேண்டாம், வீட்டிலிருந்தே போய் வரட்டும். எந்த குரூப் கிடைத்தது என்று உடனே எழுது.

அன்புடன்,
தம்பி