புல்மன் ஊரைப் பார்த்தேன்

தேனு,

இவ்ளோ நாள் எழுதாததுக்கு நீ கொதிச்சுப்போய் இருக்கேன்னு சரோ சொன்னா, திட்டெல்லாம் நேர்ல வச்சுக்கோ. அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்.

சிகாகோவோட தெற்குப் பகுதில புல்மன்னு ஒரு ஊர், அங்க போயிட்டு வந்ததுலேர்ந்து மனசே ஆறல. செங்கல் வீடுங்க வரிசையா, அவ்ளோ அழகுடி. ரயில்ல படுத்துட்டுப் போற சொகுசுப் பெட்டி செஞ்ச ஜார்ஜ் புல்மன் 1880கள்ல தன் தொழிலாளிங்களுக்குன்னு கட்டுனது. வீடு, கடை, லைப்ரரி, சர்ச் எல்லாமே கம்பெனி சொத்து, யாரும் சொந்தமா வீடு வாங்க முடியாது, வாடகைதான். 1893ல நாடு பூரா தொழில் படுத்துச்சு, அந்தாளு சம்பளத்துல கிட்டத்தட்ட கால்வாசிய வெட்டுனாரு. ஆனா வாடகைய மட்டும் கொறைக்கல! பங்குதாரருக்குப் போற டிவிடெண்டும் நிக்கல. வாடகை போக சில பேருக்குக் கைல சில்லறைதான் மிஞ்சுச்சாம், அத வச்சு புள்ளகுட்டிக்கு என்னத்த பொங்கிப் போடுறது சொல்லு.

பேசப் போன தொழிலாளிங்க கமிட்டில மூணு பேர வேலைய விட்டு நிறுத்துனதும் 1894 மே மாசம் ஸ்ட்ரைக் வெடிச்சுது. யூஜீன் டெப்ஸோட ரயில்வே யூனியன் புல்மன் பெட்டி மாட்டுன வண்டியத் தொடமாட்டோம்னு சொல்லிட்டாங்க, சிகாகோலேர்ந்து மேற்க போற ரயிலெல்லாம் நின்னுபோச்சு. தபால் நிக்குதுன்னு காரணம் சொல்லி ஜனாதிபதி கிளீவ்லண்ட் பட்டாளத்த அனுப்புனாரு, கோர்ட்டு தடை போட்டுச்சு, பல பேர் செத்தாங்க, டெப்ஸுக்கு ஆறு மாசம் ஜெயில். 1897ல புல்மன் செத்தப்ப, தொழிலாளிங்க தோண்டி எடுத்துருவாங்களோன்னு பயந்து சவப்பெட்டி மேல கான்கிரீட்டும் தண்டவாள இரும்பும் போட்டுப் பொதைச்சாங்க.

நம்ம ஹாஸ்டல் மெஸ் ஸ்ட்ரைக்ல நீ பெஞ்சு மேல ஏறி “எல்லாரும் ஒண்ணு”ன்னு கத்துனது ஞாபகம் இருக்கா, தலைவி? இங்க அதான் நடக்கல. அந்தப் பெட்டிங்கள்ல படுக்கை விரிச்சு, ஷூ தொடச்சு, டிப்ஸ நம்பிப் பொழச்ச போர்ட்டருங்க கறுப்பின மக்கள். டெப்ஸ் எவ்ளோ வாதாடியும் கேக்காம, கறுப்பினத்தவங்கள யூனியன்ல சேக்கக் கூடாதுன்னு அதே 1894 ஜூன்ல ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிட்டாங்க. அதே முதலாளிகிட்ட தங்களவிட அதிகமா அடிபட்டவங்களப் பாத்துக் கதவ சாத்துனத என்னால மன்னிக்கவே முடியல. அந்தப் போர்ட்டருங்க 1925ல தனியா யூனியன் கட்டி, 1937லதான் கம்பெனிகிட்ட ஒப்பந்தம் வாங்குனாங்க.

உங்க யூனியன்ல காண்ட்ராக்ட் ஆளுங்கள சேக்குற பேச்சு என்னாச்சு? யாரு தடுக்குறாங்க? ஒண்ணு விடாம எழுது.

வசந்தி