தேவாங்கைப் பார்க்காமல் பாடம் நடத்துகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்டோபர் முதல் வாரம் வந்தால் வன உயிரின வார விழாவுக்காகப் பள்ளிகளில் ஓவியப் போட்டி நடத்துகிறோம். பிள்ளைகள் ஆசையோடுதான் வரைகிறார்கள். ஆனால் சிங்கமும் வரிக்குதிரையும் பனிக்கரடியுமாகத்தான் வரைகிறார்கள். ஊருக்குப் பக்கத்து மலையில் இருக்கிற, குரங்குக்கு உறவான சின்னப் பிராணியான தேவாங்கை ஒரு பிள்ளையும் வரைவதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அதைப் பற்றி நாங்கள் சொல்லித் தந்தால்தானே?

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்காக நாட்டிலேயே அமைந்த முதல் சரணாலயம் இது. அதை ஒட்டிய பகுதியில் வேலை பார்க்கும் எனக்கும் என் சக ஆசிரியர்கள் பலருக்கும் தேவாங்கைப் படத்தில்தான் தெரியும். அது இரவில் நடமாடுகிற பிராணி. நாங்களோ பள்ளி விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள்.

வகுப்பில் ஒரு பையன், "அது மூஞ்சியில முழிச்சா ஆகாதாமே டீச்சர்?" என்று கேட்கிறான். இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. பில்லி சூனியத்துக்கு உதவும் என்ற நம்பிக்கையால்தான் அதைப் பிடித்துக் கொல்கிறார்கள். அது பூச்சிகளைத் தின்று வாழ்கிற சாது என்பதையும், சட்டம் அதற்குப் புலிக்குச் சமமான பாதுகாப்பைத் தந்திருக்கிறது என்பதையும் அவனுக்கு விளக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேவாங்குக்குத் தாவத் தெரியாது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கிளையை எட்டிப் பிடித்துத்தான் நகரும். கிளுவை மரங்களை நட்டு வளர்த்த வேலியை வெட்டிக் கம்பி வேலி போட்டாலோ, ரோட்டோர மரங்களைச் சாய்த்தாலோ அது தரையில் இறங்கித்தான் போயாக வேண்டும். அங்கே வண்டியில் அடிபடுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை வீட்டுக்குப் போய், தோட்டத்து வேலியை வெட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லும்.

பாம்பு விஷயம் இதைவிட அவசரமானது. 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருப்பதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலி அதிகம் இருக்காது என்பதால் கடித்ததே தெரியாமல் போவதும் உண்டு. அதைப் போலவே இருக்கும் வெள்ளிக்கோல் வரையனுக்கு விஷம் கிடையாது. கட்டுவிரியனின் வெள்ளைப் பட்டைகள் பெரும்பாலும் கழுத்துப் பக்கம் மங்கலாகத் தொடங்கி வாலை நோக்கித் தெளிவாகும், வரையனுக்கு நேர்மாறு. இதை அருகருகே படம் வைத்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். எதையும் தொடக்கூடாது, கடித்தால் கயிறு கட்டக்கூடாது, கீறக்கூடாது, நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். எனக்கு இதெல்லாம் நானாகத் தேடிப் படித்துத்தான் தெரிந்தது. எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை.

பயிற்சிகள் நடக்காமலும் இல்லை. ஹாலில் உட்கார வைத்து, புரொஜெக்டரில் ஸ்லைடு ஓட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியாயிற்று. பாடமும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் இருப்பதை ஊரோடு சேர்த்துச் சொல்லத் தெரிந்த ஆசிரியர் வேண்டுமே.

பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டங்களில் ஆண்டுக்கு ஒன்றையாவது வெளியில் நடத்துங்கள் என்பதுதான் கல்வித்துறைக்கும் வனத்துறைக்கும் என் வேண்டுகோள். எங்கள் பகுதியில் என்றால், சாயங்காலம் சரணாலய ஓரத்தில் கூடலாம். வனக்காப்பாளரும், அந்தக் காட்டில் ஆடு மேய்த்துப் பழகிய பெரியவர்களும் வந்து பேசட்டும். இருட்டியதும், தேவாங்கின் கண் கூசாதபடி சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு வனத்துறையினர் முன்னே போக, நாங்கள் பின்னால் நடக்கிறோம். பழவேற்காட்டு ஆசிரியர்களுக்குப் பறவைகள், வால்பாறை ஆசிரியர்களுக்கு யானை என்று அந்தந்த ஊருக்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்ளலாம். மாநிலம் முழுக்க ஒரே கையேடு இதற்குச் சரிவராது.

அப்புறம் ஒன்று. தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியைகள் நிறைய இருக்கிறோம். இரவுப் பயிற்சி என்றால் வீடு வரை கொண்டுவிட வண்டிக்கும், மறுநாள் ஈடுசெய் விடுப்புக்கும் உத்தரவிலேயே இடம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வர நினைக்கிறவர்களாலும் வர முடியாது.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.