பத்து வரை எண்ணுங்கள், அக்கா

அன்புள்ள அக்கா,

போன வாரம் டாக்டர் அறைக்கு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், மடியில் பாப்பா, கையில் புது இன்சுலின் பேனா. "சிரிஞ்சு என்றால் கோடு பார்த்து இழுப்பேன், இதில் மருந்து உள்ளே போகிறதா இல்லையா என்றே தெரியவில்லையே" என்றீர்கள். பதில் சொல்வதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்கு 11 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. ஆறு வருடம் சிரிஞ்சு, அப்புறம் பேனா. மாறிய புதிதில் அதே அளவுதான் போட்டேன், ஆனாலும் சர்க்கரை 250-க்குக் கீழே இறங்கவே இல்லை. கடைசியில் ஒரு நர்ஸ் நான் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். பொத்தானை அமுக்கிய கையோடு ஊசியை உருவிக்கொண்டிருந்தேன், மருந்து நுனியில் சொட்டியது. பேனாவில் தெரியும் எண் 0-க்கு வந்த பிறகும் அமுக்கியபடியே பத்து வரை எண்ண வேண்டும், அப்புறம்தான் எடுக்க வேண்டும். பாப்பாவுக்கு 3 யூனிட் என்றீர்களே, அதுவே ஒரு சின்னத் துளிதான், அதில் கசிந்தால் என்ன மிஞ்சும்? ஒவ்வொரு முறையும் முதலில் 2 யூனிட் வைத்து, ஊசியை மேல்நோக்கிப் பிடித்து அமுக்குங்கள், நுனியில் துளி வந்தால் பேனா சரியாக வேலை செய்கிறது. போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிடுங்கள், மாட்டியே வைத்தால் காற்று புகுந்துவிடும்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பேனா என்றாவது உடைந்தால், வீட்டில் கிடக்கும் பழைய சிரிஞ்சில் கார்ட்ரிட்ஜ் (பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குப்பி) மருந்தை இழுத்துவிடாதீர்கள். நாம் பாட்டிலுக்கு வாங்கும் சிவப்பு மூடி சிரிஞ்சு ஒரு மில்லிக்கு 40 யூனிட் கணக்கு, கார்ட்ரிட்ஜ் மருந்து ஒரு மில்லிக்கு 100 யூனிட் கணக்கு. 4 யூனிட் கோடு வரை இழுத்தால் 10 யூனிட் உள்ளே போகும், சர்க்கரை இறங்கிக் குழந்தை மயங்கிவிடும். பாட்டிலும் அதற்கான சிரிஞ்சும் ஒரு ஜோடி தனியாக இருக்கட்டும்.

பயன்படுத்தும் பேனாவை வெயில் படாமல் வைத்தால் போதும், சித்திரையில் கரண்ட் போனால் மண்பானைக் குளிர்ச்சியே கைகொடுக்கும். கார்ட்ரிட்ஜ்களை ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள்.

அப்புறம், பாப்பா "இங்கேயே போடும்மா, இங்கே வலிக்காது" என்று ஒரே இடத்தைக் காட்டுவாள். நானும் அப்படித்தான் காட்டினேன். வலிக்காததற்குக் காரணம் அங்கே கொழுப்புக் கட்டி திரண்டிருந்ததுதான், அதில் போடும் மருந்து ஒழுங்காகச் சேராது. இன்று ராத்திரி அவள் வயிற்றை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள், கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.