தாராவிக்கு வாருங்கள்: மும்பைத் தமிழ் இலக்கிய அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். தாராவியில் ஒரு சின்னக் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், சனிக்கிழமை சாயங்காலம் பதினைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை எழுதிப் பார்க்கிறோம். எட்டாவது படிக்கிற பையனிலிருந்து கல்லூரிப் பெண் வரை இருக்கிறார்கள்.

போன மாதம், காலையில் வீட்டில் முதலில் கேட்கும் சத்தத்தைப் பற்றி எழுதச் சொன்னேன். அவர்களில் ஒருத்தியின் அப்பா சைக்கிளில் இட்லி விற்பவர். அவள் எழுதியது இது: "மூணு மணிக்கு அம்மா மூடியத் தொறப்பாங்க. மாலாவுல படுத்திருக்க என் மூஞ்சி வரைக்கும் ஆவி வரும். கண்ணத் தொறக்காமலே எத்தனாவது ஈடுன்னு சொல்லுவேன்." மாலா என்றால் பரண், அங்கேதான் அவள் தூங்குகிறாள். எழுதியது தமிழ்தான், ஆனால் எழுத்து தேவநாகரி. அவள் படிப்பது இந்தி வழியில்.

மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் உண்டு. ஆனாலும் வேலையையும் கல்லூரியையும் நினைத்துப் பலர் இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ போய்விடுகிறார்கள். வீட்டில் பேசுவது தமிழ், கனவு வருவதும் தமிழில்தான். எழுத மட்டும் கை வராது.

இரண்டு வருஷம் முன்பு ஒரு பயிலரங்கு அறிவிப்பைப் பார்த்து இரண்டு பையன்களை அனுப்பினேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஆளுக்கு முந்நூறு ரூபாய். ஒருவன் தையல் பட்டறையில் அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போனான். அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், "முதல்ல பிழையில்லாம எழுதக் கத்துக்கிட்டு வா தம்பி" என்று திருப்பிக் கொடுத்தாராம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்தப் பையன் அப்புறம் சனிக்கிழமை பக்கமே வரவில்லை. அவனை அனுப்பியது நான் என்பது இன்னும் உறுத்துகிறது.

அதனால்தான் கேட்கிறேன், பயிலரங்கைத் தாராவிக்குள் கொண்டுவாருங்கள். ஒரே நாள் கூட்டமாக இல்லாமல், ஒரே எழுத்தாளர் பத்து வாரம் தொடர்ந்து வரட்டும். பெண் பிள்ளைகள் தண்ணீர் பிடித்து, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும், நேரத்தை அவர்களைக் கேட்டு வையுங்கள். கட்டணம் வேண்டாம். மாலையில் காலியாகக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளி வகுப்பறையை உங்களைப் போன்ற அமைப்பு கேட்டால் கொடுக்க வாய்ப்பிருக்கிறது, தனி ஆளாக நான் கேட்டால் கடினம். தேவநாகரியோ, போனில் தட்டும் ஆங்கில எழுத்தோ, எதில் எழுதினாலும் முதலில் கதையைக் கேளுங்கள். சந்திப்பிழையை ஆறாவது வாரத்தில் பார்க்கலாம்.

இதில் அவசரமும் இருக்கிறது. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்பு என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தாயிற்று. தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் இங்கே இருக்கிறார்கள். இந்தச் சந்துகள் கண்ணெதிரே இருக்கும்போதே அவற்றில் வளர்ந்தவர்கள் அவற்றை எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஒரு சனிக்கிழமை ஐந்து மணிக்கு 90 அடிச் சாலைக்கு வாருங்கள். வழி காட்டப் பிள்ளைகளே வருவார்கள். இட்லிக்காரர் மகள் இப்போது இரண்டாவது கதையில் இருக்கிறாள், அதைப் படித்துக் காட்ட ஆள் தேடுகிறாள்.

அன்புடன்,
தாராவியிலிருந்து ஒரு வாசகி