ஏணிக்குச் சொந்தக்காரருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ளவர்களுக்கு,

வணக்கம். கண்காட்சி முடிந்து படங்களை எல்லாம் இறக்கியாகிவிட்டது. ஆணி பிடுங்கிய ஓட்டைகளை அடைத்து, அவற்றின் மேல் வெள்ளையும் அடித்தாயிற்று. இப்போது கலைக்கூடத்துக்குள் நுழைகிறவருக்கு, இங்கே ஏதாவது நடந்ததற்கான அடையாளமே தெரியாது. இந்த மடலை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தபோதுதான்.

நிறைவு நாளில் மேடையேறி நன்றி சொன்னேன், உண்மைதான். கையிலிருந்த தாளைப் பார்த்துப் பெயர்களை வாசித்தேன். வாசித்து முடித்துத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது, பின்வரிசையில் நீங்கள் கைதட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்களில் ஒருவர் பெயரும் அந்தத் தாளில் இல்லை. நன்கொடை தந்தவர்கள், நம்பிப் படங்களை இரவல் கொடுத்த ஓவியர்கள், தலைமை தாங்கியவர்கள் எல்லோருக்கும் அன்றே நன்றி சொல்லியாகிவிட்டது. அவர்கள் பெயர்கள் வாசல் பலகையில் இருக்கின்றன. வரவுசெலவுக் கணக்கும் பக்கத்திலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. இந்த மடல் மற்றவர்களுக்கு. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், யாருடைய பெயரையும் போடாமல் எழுதுகிறேன். யார் யாரென்று நமக்குத் தெரியும்.

முதலில் கதவுகள்.

காட்சிப் பலகைகளைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த ஓர் அமைப்பு கடைசி வாரத்தில் கைவிரித்துவிட்டது. தானியக் கிடங்காக இருந்த கட்டடம் நம்முடையது. நீளமாக இரண்டு சுவர்கள், நடுவில் வெறும் வெளி. வந்து சேர்ந்திருந்த படங்களில் பாதிகூட அந்தச் சுவர்களில் கொள்ளாது. யாரிடமும் புலம்பியதாக நினைவில்லை. ஆனால் புலம்பியிருக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் வாசலில் ஒரு டிராக்டர் நிறையப் பழைய கதவுகள் வந்து நின்றன. வீட்டை இடித்துக் கட்டியபோது மிஞ்சியவை, கொட்டகையில் சாத்தி வைத்து மறந்தவை, கோழிக் கூண்டுக்குக் கூரையாகக் கிடந்தது ஒன்று. தச்சர் அவற்றை இரண்டிரண்டாகக் கீல் போட்டு இணைத்து, பாதி விரித்த புத்தகம் போலத் தரையில் நிறுத்தினார். முட்டுக்கொடுக்க எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கதவில் தாழ்ப்பாள் அப்படியே இருந்தது. கழற்ற வேண்டாம் என்று சொன்னது நான்தான். பார்க்க வந்தவர்களில் பலர் படத்தை விட்டுவிட்டு அந்தத் தாழ்ப்பாளுக்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். ஒருவருக்கு நான் விளக்கமே சொல்லிவிட்டேன். அந்தக் கதவில் படம் மாட்டியிருந்த ஓவியர் என்னை மன்னிக்க வேண்டும்.

அடுத்து, கொத்தனார் அண்ணன். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அருங்காட்சியகங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. நின்று பார்ப்பவரின் கண்மட்டம் அது. நான் அதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் என்ற மிடுக்கில், தரையிலிருந்து டேப்பைப் பிடித்து அளந்து சுவரில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். எட்டாவது புள்ளியை வைத்த பிறகு, "தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். கழுவிவிட்ட தண்ணீர் வாசலைப் பார்த்து ஓட வேண்டும் என்பதற்காகவே சாய்த்துப் போட்ட தரை அது. தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு அவர் சுவரின் கோடிக்குப் போனார். இரு முனையிலும் தண்ணீர் நின்ற இடத்தில் குறி வைத்து நூல் கட்டினார். என் எட்டுப் புள்ளிகளும் அந்த நூலை விட்டுப் படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரப்பரை எடுத்து நீட்டினார்.

நீர்வண்ண ஓவியங்களுக்கும் துணிகளுக்கும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது. லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. எண்ணெய் வண்ணம் 200 வரை தாங்கும். வெளிச்சத்தில் வெளுத்த நிறம் திரும்பி வராது. இதைச் சொன்னதும் மின்பணியாளர் பாதி விளக்குகளைக் கழற்றிவிட்டார். ஆனால் மாலை நான்கு மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வரும் வெயிலைக் கழற்ற முடியாதே. தையற்கடை அக்கா ஓர் இரவில் எல்லா ஜன்னல்களுக்கும் திரை தைத்துக் கொடுத்தார். உள்ளே இருட்டாக இருக்கிறது என்று குறைப்பட்டவர்களுக்கு, கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று சலிக்காமல் பதில் சொன்ன கல்லூரி மாணவிகளுக்கும் நன்றி.

பட்டறைகளுக்கு வருகிறேன். நீல அச்சுப் பட்டறையைப் பற்றித்தான் இன்னும் எல்லோரும் பேசுகிறார்கள். சயனோடைப் என்பது அதன் பெயர். 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் கண்டறிந்த முறை. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை இந்த முறையில் பதிவு செய்து வெளியிடத் தொடங்கிவிட்டார். கேமரா வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மருந்து பூசிய தாளும் வெயிலும் தண்ணீரும் போதும். நம் கூடத்துக்கென்றே செய்த கலை என்ற மகிழ்ச்சியில், தேவைப்படும் இரண்டு உப்புகளின் பெயரையும் அறிவிப்பிலேயே போட்டுவிட்டேன். வினையே அங்குதான். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்பதன் கடைசி நான்கு எழுத்துகளைப் படித்த பெற்றோர் அன்று மாலைக்குள் பிள்ளைகளின் பெயர்களை அடித்துவிட்டுப் போனார்கள்.

வேதியியல் ஆசிரியை இல்லாவிட்டால் அந்தப் பட்டறையே நடந்திருக்காது. அவர் வீடு வீடாகப் போனார். சயனைடு அந்த உப்பில் இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது, அதனால் நாம் அஞ்சும் நஞ்சைப் போல அது வேலை செய்யாது என்று விளக்கினார். ஆனாலும் வீரியமான அமிலத்தோடு சேர்க்கக் கூடாது, சூடேற்றக் கூடாது, வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது, கரைசலைக் கையுறை போட்ட பெரியவர்கள்தான் பூசுவார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஆபத்தே இல்லை என்று மழுப்பியிருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். பெயரை அடித்த பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், கூடவே பெற்றோரும் வந்தார்கள். தாள்தான் போதவில்லை.

அன்று பார்த்து மேகம். நல்ல வெயிலில் கால் மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் இலை, இறகு, சீப்பு, கிழிந்த வலைத்துண்டு என்று கொண்டுவந்து தாளில் அடுக்கினார்கள். துணைக்கு வந்திருந்த ஒரு தாத்தா, வைப்பதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லையே என்று சட்டைப் பையைத் துழாவிவிட்டு, போட்டிருந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தாளின் நடுவில் வைத்தார். அதன் பிறகு அவருக்கு எதுவும் தெரியவில்லை. "நிறம் மாறுகிறதா? மாறுகிறதா?" என்று பேத்தியை நச்சரித்துக்கொண்டே இருந்தார். மஞ்சளும் பச்சையுமாக இருந்த தாள் மெல்ல நீலம் ஏறி, பிறகு சாம்பல் பூத்ததுபோல் ஆனது. தொட்டித் தண்ணீரில் போட்டு அலசியதும் வெயில் படாத இடத்து மருந்தெல்லாம் கரைந்து ஓட, நல்ல நீலத்தின் நடுவே வெள்ளையாக ஒரு மூக்குக்கண்ணாடி. வில்லைகளின் நிழல் மட்டும் வெறும் வெள்ளையாக விழவில்லை. வெயிலை ஓரிடத்தில் குவித்து, உள்ளே ஒளிக்கீற்றுப் போல ஒரு வளைவை வரைந்திருந்தது. தாத்தா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் அதைப் பார்த்தார். "இதன் வழியாகவா இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்?" என்றார். மறுநாள் நீலம் இன்னும் ஆழமாகியிருந்தது. காற்றுப் பட்டால் அப்படி ஆகும். தாத்தா, உங்கள் படத்தைக் கண்காட்சியில் வைக்கத் தந்ததற்கு நன்றி. அதை விலைக்குக் கேட்டவர்கள் இரண்டு பேர். பேத்தி தர மறுத்துவிட்டாள்.

லினோலியம் அச்சுப் பட்டறையில் நான் கற்றுக்கொண்டது வேறு. ஆளியெண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் செய்த தரைவிரிப்பு அது. ஒருவர் வீட்டுத் தரைக்குப் போட்டதுபோக மிஞ்சியதைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். வெயிலில் சற்று நேரம் வைத்தால் இளகி, உளி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது. பிள்ளைகள் எல்லோரும் முதலில் செதுக்கியது அவரவர் பெயரைத்தான். நேராகச் செதுக்கினால் அச்சில் இடவலம் மாறித்தானே வரும்? கொம்பு முன்னால் போட வேண்டிய எழுத்துக்கு அது பின்னால் போய் நின்றது.

அப்போது வேடிக்கை பார்க்க வந்தவர்தான் நம் பழைய அச்சகத்து ஐயா. ஈய எழுத்துகளைக் கோத்தே வாழ்ந்தவர். இடம் வலம் மாறிய எழுத்தை நாம் சுவரொட்டி படிக்கும் வேகத்தில் படிப்பார். பிள்ளைகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி வரிசையாக நடந்து வந்தவர், ஒரு பெண்ணிடம் நின்றார். அவள் ‘மழை காலம்’ என்று செதுக்கி முடித்து மை உருட்டப் போகும் நேரம். "ஒற்று எங்கே?" என்றார். மையே படாத, கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டிருந்த எழுத்தில் ‘க்’ விடுபட்டிருந்ததை அவர் கண்டுபிடித்துவிட்டார். மிச்சமிருந்த ஓரத்தில் அதை எப்படி இடுக்கிச் சேர்ப்பது என்றும் அவரே காட்டினார். அச்சில் அந்த ஒற்று மட்டும் சிறியதாக, குடைக்குள் ஒதுங்கியதுபோல் நிற்கிறது. கண்காட்சியில் எனக்கு மிகவும் பிடித்த படைப்பு எது என்று கேட்டவர்களிடம் நான் பதில் சொல்லாமல் நழுவினேன். இப்போது சொல்கிறேன்: அதுதான். அதற்குப் பிறகு எல்லா நாளும் வந்த ஐயா, நான் அடித்துக் கொடுத்த விளக்க அட்டைகளிலும் பிழை திருத்தினார். எத்தனை என்று எழுத எனக்கு மனமில்லை.

மண்பாண்டப் பட்டறையில் நடந்த தவறு முழுக்க என்னுடையது. திறப்பு விழாவுக்கு முன் சூளை வைத்தாக வேண்டும் என்று நான் அவசரப்படுத்தினேன். தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சி இருக்கிறது, இன்னும் காயவில்லை என்று குயவர் அம்மா இரண்டு முறை சொன்னார். கடைசியில் என் முகத்துக்காக ஒப்புக்கொண்டார். சூடு ஏறத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே உள்ளே பட்பட்டென்று சத்தம். களிமண்ணில் காற்றுக்குமிழி இருந்தால் வெடிக்கும் என்று நான் எங்கோ கேட்டிருந்ததைச் சொன்னேன். "காற்று இல்லை, ஈரம்" என்றார். உள்ளே மிஞ்சிய நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பாண்டத்தை உடைத்துக்கொண்டு வருகிறது. "உன் அழைப்பிதழில் போட்ட தேதி மண்ணுக்குத் தெரியாது, தம்பி" என்றாரே தவிர, அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இரவு முழுவதும் சூளையடியில் உட்கார்ந்து மெல்ல மெல்லச் சூட்டை ஏற்றினார். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று பருக்கும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும் என்பது புத்தகத்தில் நான் படித்தது. அவர் எண்ணைச் சொல்லவில்லை. விடிந்ததும் திறந்து பார்க்கத் துடித்த என்னை அருகில் விடாமல் மாலைவரை காக்கவைத்தார், அவ்வளவுதான். தப்பிய பாண்டங்களுக்காக அம்மாவுக்கு நன்றி. உடைந்தவற்றுக்காகப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர்கள் ஓடுகளைப் பொறுக்கி வாசல்படியில் பதித்திருக்கிறார்கள், அடுத்த முறை வரும்போது பாருங்கள்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கோ அத்தனை மணிக்குத்தான் எங்கள் பட்டறை முடியும். நகரத்தில் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு இந்தக் கவலை புரியாது. மை காயாத தாள்களைக் கையில் விரித்துப் பிடித்தபடி ஓடி வந்த பிள்ளைகளுக்காக ஒவ்வொரு மாலையும் சில நிமிடம் நிறுத்திவைத்த ஓட்டுநருக்கும், அந்த ஈரத் தாள்களைப் பின் இருக்கையில் பரப்ப இடம் ஒதுக்கிய நடத்துநருக்கும் பெரிய நன்றி. இருக்கையில் மைக்கறை இருந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து துடைக்கிறோம்.

"இதிலெல்லாம் என்ன இருக்கிறது?" என்று முதல் நாள் உரக்கக் கேட்டவருக்கும் நன்றி. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் நீங்கள் வந்ததை நான் பார்த்தேன். ஏழாம் நாள் பழைய கதவொன்றின் முன்னால் நெடுநேரம் நின்றீர்கள். அது உங்கள் வீட்டுக் கதவு என்று பிறகுதான் தச்சர் சொன்னார்.

இன்னும் ஒருவர் பாக்கி. வேலை தொடங்கிய முதல் நாள் காலையில் கிடங்கின் பின்சுவரில் ஒரு மர ஏணி சாய்ந்திருந்தது. விளக்கு, திரை, நூல், ஆணி எல்லாமே அதில் ஏறித்தான் நடந்தன. தச்சருடையது என்று நான் நினைத்தேன். மின்பணியாளருடையது என்று தச்சர் நினைத்தார். அவர் என்னுடையது என்று நினைத்திருக்கிறார். எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது, யாரும் உரிமை கோரவில்லை. கீழிருந்து மூன்றாம் படியில் கயிறு சுற்றியிருக்கும், அதுதான் அடையாளம். அந்தக் கயிறு நைந்திருந்ததால் புதிதாகச் சுற்றியிருக்கிறோம். ஏணி நனையாமல் உள்ளே இருக்கிறது. சாவி எதிர் வீட்டில்.

என்றும் கடமைப்பட்ட,
கலைக்கூட ஒருங்கிணைப்பாளர்