மால்வாசியா எந்த ஒயினுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

இத்தாலியின் சிவப்பு ஒயினான கியாந்தியில் வெள்ளைத் திராட்சை கலந்தே தீர வேண்டும் என்பது ரிக்காசோலி வகுத்த விதி என்கிறது ஞாயிறு இணைப்புக் கட்டுரை. அது பாதிதான் உண்மை. கியாந்தி விளையும் டஸ்கனி பகுதியில் உள்ள ப்ரோலியோ கோட்டை 1141-லேயே ரிக்காசோலி குடும்பத்திடம் வந்தது. இத்தாலியின் பிரதமராகவும் இருந்த பெத்தினோ ரிக்காசோலி, 1872-இல் எழுதிய கடிதத்தில் மணத்துக்கும் வீரியத்துக்கும் சாஞ்சோவேசே என்ற சிவப்புத் திராட்சை, அதன் கடுமையைத் தணிக்க கனாயோலோ என்ற இன்னொரு சிவப்பு ரகம் என்கிறார். மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை, சீக்கிரம் குடித்து முடிக்கும் ஒயினுக்கு மட்டுமே. ஆண்டுக்கணக்கில் வைப்பதற்கு ஆகாது. எவ்வளவு தெளிவான பார்வை! 2006 அறுவடை முதல், கியாந்தியின் பழைய மையப் பகுதி ஒயினான கியாந்தி கிளாசிகோவில் வெள்ளை ரகங்களுக்கே இடமில்லை. சாஞ்சோவேசே குறைந்தது 80 சதவீதம்.

பழைய கியாந்தி பாட்டிலைத் திறப்பதற்கு முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள். கழுத்துக்குப் பின்னால் விளக்கு வைத்து மெதுவாக ஊற்றி, வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். ஒயினின் சூடு 18 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் நெடிதான் முந்தும்.