காரைக்குடி வட்டார ரசிகர் மன்ற நிர்வாகிகளுக்கு ஓர் அச்சகத்தாரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் மன்றத் தம்பிகளுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் உங்களில் மூவர் கல்லுக்கட்டியிலுள்ள என் அச்சகத்துக்கு வந்து, 500 சுவரொட்டிகளுக்கு முன்பணம் கொடுத்தீர்கள். உங்கள் அபிமான நடிகர் ஒரு நடிகை மீது தொடுத்திருக்கும் மானநஷ்ட வழக்கையொட்டிய சுவரொட்டி அது. கணினித் திரையில் புரூஃபைப் பார்த்தேன். மஞ்சள் எழுத்தில் மூன்று வரிகள். மூன்றும் அந்தப் பெண்ணின் நடத்தையைப் பற்றியவை. அடியில் உங்கள் ஆறு பேரின் பெயர், அதற்கும் கீழே பொடி எழுத்தில் என் அச்சகத்தின் பெயர். அச்சிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கடையில் நாலு பேர் நிற்கும்போது காரணத்தை விளக்க முடியாததால் இதை எழுதுகிறேன்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 356-ஆம் பிரிவு, அவதூறாகப் பேசுபவரையும் எழுதுபவரையும் மட்டுமல்லாமல், அவதூறு என்று தெரிந்தோ, அப்படி நம்பப் போதிய காரணம் இருந்தோ அச்சிடுபவரையும் குற்றவாளியாக்குகிறது. அச்சிடுபவருக்குத் தண்டனை 2 ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆக, நடிகரின் மானத்தைக் காக்க நீங்கள் ஒட்டும் தாளே உங்கள் மீது இன்னொரு அவதூறு வழக்காகத் திரும்பக்கூடும். அவருக்கு வாதாட மூத்த வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அந்த ஆறு பெயர்களில் ஒருவர் கல்லூரி மாணவர், ஒருவர் மளிகைக் கடையில் வேலை பார்ப்பவர்.

அந்த மூன்று வரிகளை உங்களில் யாரும் எழுதவில்லை. தேவகோட்டையிலும் புதுக்கோட்டையிலும் இதே தொழில் செய்யும் நண்பர்களிடம் விசாரித்தேன். அவர்களுக்கும் அதே வாசகம், 'களங்கம்' என்ற சொல்லில் அதே எழுத்துப் பிழையோடு வந்திருக்கிறது. எங்கோ ஓர் அறையில் ஒருவர் எழுதி, வாட்ஸ்ஆப் குழுக்களில் இறக்கிவிட்டிருக்கிறார். நட்சத்திர வழக்குகளில் இத்தகைய விளம்பர வேலை நீதிமன்றத்துக்கு வெளியே தனியாக நடக்கிறது. '10 கோடி கேட்டு நோட்டீஸ்' போன்ற செய்திகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வழக்கறிஞர் நோட்டீஸில் எந்தத் தொகையையும் எழுதலாம். அதே தொகைக்குத் தமிழ்நாட்டில் உரிமையியல் வழக்குப் போட்டால் 3 சதவீதம், அதாவது 30 லட்சம் ரூபாய், நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். நோட்டீஸ் வந்த அன்றே தலைப்புச் செய்தியாகிறது, பிறகு பல நேரங்களில் வழக்கே வருவதில்லை.

ஹாலிவுட் நடிகர் ஜானி டெப், அவருடைய முன்னாள் மனைவியான நடிகை ஆம்பர் ஹெர்ட் விவகாரத்தை நீங்களும் செல்பேசியில் பார்த்திருப்பீர்கள். டெப் ஓர் ஆங்கில நாளிதழ் மீது லண்டனில் தொடுத்த வழக்கில், அவர் மனைவியை அடித்தார் என்று எழுதியது பெருமளவு உண்மையே என 2020 நவம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். 2022-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஹெர்ட் மீதே தொடுத்த வழக்கில், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூரி என்ற நடுவர் குழு டெப் பக்கம் நின்றது. ஹெர்டின் எதிர்வழக்கிலும், டெப்பின் வழக்கறிஞர் சொன்ன ஒரு கூற்றுக்காக ஹெர்டுக்கு 20 லட்சம் டாலர் வழங்கியது. விசாரணை நேரலையில் ஓடிய ஆறு வாரங்களும் ஜூரியினர் தினமும் மாலையில் வீட்டுக்குப் போனார்கள், வெளியே ஹெர்டைக் கேலி செய்யும் காணொளிகள் குவிந்துகொண்டிருந்தன. கூண்டில் அழுத ஒரு பெண்ணின் முகத்தை நடித்துக் காட்டிச் சிரித்தவர்களுக்கு அந்த வழக்கின் ஒரு தாளாவது தெரிந்திருக்குமா?

நீங்களே மன்றத்தின் பெயரில் புகார் கொடுக்கப்போவதாகவும் ஒரு தம்பி சொன்னார். திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி 2005-இல் சொன்ன கருத்துக்காக நடிகை குஷ்பு மீது பெரும்பாலும் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட 23 புகார்களை உச்ச நீதிமன்றம் 2010-இல் ரத்து செய்தபோது, அவதூறு வழக்குத் தொடுக்கப் பாதிக்கப்பட்டவருக்கே உரிமை உண்டு, புகார் கொடுத்தவர்கள் அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர் என்று சொன்னது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே நடிகை படப்பிடிப்புக்காகக் கானாடுகாத்தான் வந்தபோது, படப்பிடிப்பு நடந்த வீட்டின் முகப்பில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியது உங்கள் மன்றம்தான். 'வருக வருக' என்று அவர் பெயரைப் போட்ட சுவரொட்டி என் அச்சகத்தில்தான் ஓடியது. அந்தப் பெயருக்குக் கீழே இப்போது இந்த மூன்று வரிகளை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் முன்பணம் 2,000 ரூபாய் உறையில் இருக்கிறது. எந்த நாளும் வந்து வாங்கிக்கொள்ளலாம். சுவரொட்டி வேண்டும் என்றால், நடிகருக்குத் துணை நிற்கிறோம், தீர்ப்பு வரும்வரை பொறுத்திருப்போம் என்று உங்கள் கைப்பட இரண்டு வரி எழுதிக் கொண்டுவாருங்கள். தாள் செலவு போதும், அச்சுக்கூலி வேண்டாம்.

அன்புடன்,
கல்லுக்கட்டி அச்சகத்தார்